விருந்தில் திரட்டிய பணம்: மேடைக்கா, வேனுக்கா?

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் ஆகக் குறைவாகப் பேசப்படும் அங்கம் கணக்கறிக்கை. பொருளாளர் எழுந்து வேகமாக வாசிப்பார். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அத்துடன் கணக்கு முடிந்துவிடும். சந்தாவை 50 வெள்ளியாக வைப்பதா 60 வெள்ளியாக உயர்த்துவதா என்பதற்கு அரை மணி நேர வாக்குவாதம் நடக்கும். திரட்டிய பணம் எதற்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

சிறிய பள்ளிகளுக்கு அந்தப் பணம் சாதாரணமானதல்ல. அரசாங்கம் தரும் தலைவீத மானியம் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தலைப்பு வாரியாகச் செலவு செய்ய வேண்டியது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருப்பதுதான், 'இந்தப் பிள்ளைக்கு இப்போது இது தேவை' என்று ஒரு கூட்டம் கூடித் தீர்மானித்தால் உடனே பயன்படக்கூடிய பணம். அதனால்தான் அது எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது 80,000க்குக் கீழே வந்துவிட்டது. 150 பேருக்கும் குறைவாக இருந்தால் கல்வி அமைச்சின் கணக்கில் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. தமிழ்ப்பள்ளிகளில் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. முப்பது, நாற்பது பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கும் தோட்டப்புறப் பள்ளிகளும் உண்டு. பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் தூரம்.

தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று காலனித்துவ காலத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. அப்படி எழுந்த பள்ளிகள் லயத்து வாசலிலேயே இருந்தன. பிள்ளைகள் நடந்து போனார்கள். 1980களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. சில பள்ளிகள் புதிய இடத்துக்கு மாற்றப்பட்டன. பல பள்ளிகள் செம்பனைக்கு நடுவிலேயே நின்றுவிட்டன. இன்று பிள்ளைக்கும் பள்ளிக்கும் நடுவில் நிற்பது ஒரு வேன். அந்த வேன் கட்டணத்தைக் கட்ட முடியாத குடும்பம், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தேசியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறது. மொழிப்பற்று இல்லாததால் வந்த முடிவல்ல அது. மாதச் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு மாதம் 120 வெள்ளி வேன் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் என்றால் 240 வெள்ளி. அப்பா ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில், வருமானத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வேனுக்கே போய்விடும். விடுமுறை மாதத்திலும் பாதிக் கட்டணம் கேட்கும் ஓட்டுநர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டிக்குத் தவணை அந்த மாதமும் கட்ட வேண்டும்.

மற்ற செலவுகளில் அரசாங்கத்தின் கை இருக்கிறது. பாடநூல்கள் 2008 முதல் எல்லா மாணவருக்கும் இலவசக் கடனாகக் கிடைக்கின்றன. ஆரம்பப் பள்ளி மாணவரிடம் வசூலிக்கப்பட்டுவந்த 24 வெள்ளி 50 காசு கட்டணம் 2012இல் நீக்கப்பட்டது. பள்ளித் தொடக்க உதவியாக மாணவருக்கு 150 வெள்ளி வருகிறது. வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டத்தில் சாப்பாடு உண்டு. பயிற்சி நூல்கள், பள்ளி டி-சட்டை, போட்டிகளுக்குப் போகும் செலவு ஆகியவை பெற்றோர் தலையில்தான் விழுகின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே மாதா மாதம் வந்து நிற்பது வேன் கட்டணம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் திரட்டும் பணம் இந்த இடத்துக்கு வருகிறதா? சில பள்ளிகளில் வருகிறது. வேன் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சங்கமோ வாரியமோ ஏற்று, மாணவர் எண்ணிக்கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் பணம் போகும் வழக்கமான வழிகள் வேறு. நுழைவாயில் வளைவு, மேடைக்குப் புதிய திரை, மண்டபத்துக்குக் குளிர்சாதனம், சுவரோவியம், பரிசளிப்பு விழா, ஆறாம் ஆண்டு மாணவருக்குத் தன்முனைப்பு முகாம்.

இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. நன்கொடை கொடுப்பவர் தான் கொடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். மேடைத் திரையில் பெயர் போடலாம், குளிர்சாதனத்துக்கு அடியில் தகடு பதிக்கலாம். வேன் கட்டணத்தில் எங்கே பெயர் போடுவது? சங்கத் தலைவருக்கும் இதே சிக்கல்தான். பதவிக்காலம் ஓர் ஆண்டு. அதற்குள் எதையாவது திறந்து வைத்தால்தான் செயல்பட்டதாகத் தெரியும். பதினெட்டுப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் தவறாமல் பள்ளிக்கு வந்தார்கள் என்பதைத் திறந்து வைக்க ரிப்பன் கிடையாது. அதைப் படம் பிடித்துப் போட நாளேடுகளும் வருவதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தன்முனைப்பு முகாம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதுவரை சங்கங்களின் நிதியில் பெரும் பங்கு ஆறாம் ஆண்டு மாணவருக்கே போனது: கூடுதல் வகுப்பு, மாதிரித் தேர்வுத் தாள், முகாம், தேர்வுக்கு முந்தைய சிறப்புப் பூசை, முடிவு வந்ததும் எல்லாவற்றிலும் 'ஏ' எடுத்தவருக்குப் பாராட்டு விழா. தேர்வு போய்விட்டது. பல இடங்களில் செலவுத் தலைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது, சென்ற ஆண்டு பட்ஜெட்டைப் பார்த்து இந்த ஆண்டு பட்ஜெட் எழுதுவதால். அந்தப் பணத்துக்கு இன்று அதிக வேலை இருப்பது முதல் மூன்று ஆண்டு வகுப்புகளில்தான். கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை வகுப்பாசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் மொழியில் தேர்ச்சி போதாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்கும் வேலை ஆறாம் ஆண்டில் தொடங்கினால் தாமதம். இரண்டாம் ஆண்டில் வாரம் இரண்டு மணி நேரம், தமிழும் மலாயும் வாசிக்க உதவ ஒரு பட்டதாரி இளைஞருக்குக் கொடுக்கும் சிறு தொகை, ஒரு நாள் முகாமுக்கு வரும் பேச்சாளருக்குக் கொடுப்பதைவிடப் பிள்ளைக்குள் நிற்கும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. 58 மாணவர், 40 குடும்பங்கள் உள்ள ஒரு பள்ளி. குடும்பத்துக்கு 50 வெள்ளி என்றால் சந்தா 2,000 வெள்ளி. நிதி திரட்டும் விருந்தில் செலவு போக 18,000 வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000. தூரத்திலிருந்து வேனில் வரும் பிள்ளைகள் 18 பேர். மாதம் 120 வெள்ளியில் பாதியைச் சங்கம் ஏற்றால், 11 மாதத்துக்கு 11,880 வெள்ளி. 58 பேருக்கும் பயிற்சி நூலுக்கு ஆளுக்கு 60 வெள்ளி கொடுத்தால் 3,480. மீதி 4,640 வெள்ளி. வாசிப்பு வகுப்புக்கும், போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் செலவுக்கும், ஓர் எளிய பரிசளிப்புக்கும் இது போதும். மேடைத் திரைக்கு மிச்சமில்லை.

இந்தக் கணக்கு காகிதத்தில் இருப்பதுபோல் நடைமுறையில் இலகுவாக இருக்காது. ஆகப் பெரிய சிக்கல், தொடங்கிய உதவி பாதியில் நிற்பது. ஆண்டுத் தொடக்கத்தில் வேனுக்குப் பாதிக் கட்டணம் என்று அறிவித்து, அதை நம்பி ஒரு குடும்பம் பிள்ளையைச் சேர்த்து, ஜூலையில் விருந்து எதிர்பார்த்தபடி நடக்காமல் பணம் தீர்ந்துபோனால், அந்தப் பிள்ளை ஆண்டு நடுவில் பள்ளி மாற வேண்டிவரும். உதவி அறிவிக்காமல் இருந்திருந்தாலே பிள்ளைக்கு நல்லது. கையில் இருக்கும் பணத்தை வைத்துத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும், வரப்போகும் பணத்தை வைத்து அல்ல. சென்ற ஆண்டு திரட்டியதை இந்த ஆண்டு வேனுக்குக் கொடுப்பது என்று ஒரு சுற்று முன்னாலேயே ஓடும் சங்கத்துக்கு இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது, வேனே. பிள்ளைகளை ஏற்றும் வாகனத்துக்குத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான 'அபாட்' வழங்கும் உரிமம் வேண்டும். தோட்டப்புறத்தில் உரிமம் உள்ள வேன் கிடைக்காமல், தெரிந்தவர் வண்டியில், மக்கள் 'கெரேத்தா சாப்பு' என்று சொல்லும் வகையில் பிள்ளைகள் அடைந்து போவது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பெற்றோர் தங்கள் சொந்தப் பொறுப்பில் அனுப்புவது ஒன்று. சங்கம் பணம் கொடுத்து அனுப்புவது வேறு. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது உரிமத்தைத்தான். ஆகவே உரிமம், காப்புறுதி, ஏற்றக்கூடிய எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே சங்கத்தின் பணம் ஓட்டுநர் கைக்குப் போக வேண்டும். இதைச் சொன்னால் செலவு கூடும் என்பார்கள். கூடும்தான்.

மூன்றாவது, யாருக்குக் கொடுப்பது. இங்கேதான் நல்ல நோக்கம் பல முறை தடுமாறுகிறது. வசதி குறைந்த பி40 பிள்ளைகள் என்று பட்டியல் எடுத்து, அவர்களை மேடைக்கு அழைத்து, பிரமுகர் கையால் புத்தகப்பையும் காசோலை மாதிரியும் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது திருவிழா. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது நன்றாகத் தெரியும். உதவி வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. வருமானத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்துக் கொடுத்தால் இந்தச் சங்கடம் இல்லை. பள்ளியிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கட்டணம். மீதியைச் சங்கம் ஓட்டுநரிடமே மாதக் கடைசியில் கட்டிவிடும். படிவம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, மேடையும் இல்லை. வசதியுள்ள இரண்டு குடும்பங்களுக்கும் அந்தச் சலுகை போய்ச் சேரலாம். பதினாறு பிள்ளைகளின் தன்மானத்துக்கு அது பெரிய விலையல்ல.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவான ஒன்று உண்டு. கூரை ஒழுகும், கழிவறை நாறும் பள்ளிக்கு இலவச வேன் விட்டாலும் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள் என்பதே அது. உண்மைதான். பட்டணத்துப் பெற்றோர் முதலில் பார்ப்பது கட்டடத்தை. பாலர் பள்ளி வகுப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். ஐந்து வயதில் அந்த வளாகத்துக்குள் வந்த பிள்ளை முதலாம் ஆண்டுக்கு வேறு பள்ளி தேடிப் போவது அரிது.

ஆனால் கட்டடம் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பகுதி உதவி பெறுபவை. பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது அல்ல. இத்தகைய பள்ளிகளில் நிலம், கட்டடம் தொடர்பான பொறுப்பு பள்ளி மேலாளர் வாரியத்துடையது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிமுறைகளின்படி அமைவது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் பாதுகாவலரும், அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களும்தான் அதன் உறுப்பினர்கள். பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறினால் பெற்றோரின் உறுப்பியமும் முடிந்தது. வாரியம் இருபது ஆண்டு யோசிக்கலாம். சங்கத்தின் ஆயுள், ஒரு பிள்ளையின் ஆறாண்டு.

சில பள்ளிகளில் இந்த எல்லை மறந்துபோய், வாரியம் பெயரளவில் இருக்க, சங்கமே மண்டபம் கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் விருந்து நடக்கிறது, மீதித் தொகை வங்கியில் வளர்கிறது, மண்டபம் வரைபடத்திலேயே இருக்கிறது. அந்த விருந்துக்கு டிக்கெட் விற்ற பெற்றோரின் பிள்ளைகள் இன்று இடைநிலைப்பள்ளி முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் படித்தபோது பயிற்சி நூல் வாங்கக்கூட அந்தப் பணம் வெளியே வரவில்லை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைச் சங்கம் தானே செய்துகொண்டால் இன்னொரு இழப்பும் உண்டு. பிரதமர் அன்வார் இப்ராஹிமின் அரசாங்கம் 2023இல் பள்ளிக் கழிவறைகளைச் சீரமைப்பதை நாடு தழுவிய வேலையாக எடுத்துக்கொண்டது. தமிழ்ப்பள்ளிகளின் பராமரிப்புக்கும் வரவு செலவுத் திட்டங்களில் ஒதுக்கீடு இருந்துவருகிறது. பழுதைப் படம் எடுத்து, அளவு எடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து கேட்பது சலிப்பான வேலை. விருந்து வைத்துக் காசு சேர்த்து ஒரு குத்தகையாளரைக் கூப்பிடுவது சுலபம். ஆனால் சங்கம் சரிசெய்த கூரை அரசாங்கத்தின் கோப்பில் பழுதான கூரையாக ஒருபோதும் பதிவாகாது. வேன் கட்டணத்துக்கு அப்படி விண்ணப்பித்துக் காத்திருக்க முடியாது. வேன் நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறது.

ஸ்மார்ட் தொலைக்காட்சியும் கணினியும் இடைப்பட்ட இடத்தில் நிற்கின்றன. வாங்கிக் கொடுக்க ஆள் கிடைப்பார். மூன்றாம் ஆண்டில் பழுதானால் பார்க்க ஆள் இருக்காது. வாங்கும்போதே பராமரிப்புக்கு ஒரு தொகையை ஒதுக்க முடியாத சங்கம் வாங்காமல் இருப்பதே மேல்.

இவையெல்லாம் தீர்மானமாக வேண்டிய இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். அங்கே வருபவர் யார்? தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை முடித்தவரும், பாதுகாவலர் வேலையில் ஞாயிறும் விடுப்பில்லாதவரும் வருவதில்லை. வேன் கட்டணத்தால் அதிகம் அவதிப்படும் குடும்பங்கள் அவைதான். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி வருவார். அறிக்கை மலாயில் இருந்தால் அவருக்குப் புரியாது. ஒரு பக்கத் தாளில், தமிழில், சென்ற ஆண்டு வந்தது இவ்வளவு, போனது இந்த ஐந்து வழிகளில், கையிருப்பு இவ்வளவு என்று எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டால் போதும்; கூட்டத்துக்கு வர முடியாதவரும் கேள்வி அனுப்பலாம். கணக்காய்வாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்படும் இருவர் ஆண்டு முடிவில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அல்ல. அரையாண்டில் ஒருமுறை ரசீதுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

சந்தா கட்டாத பெற்றோர் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குவதும் உண்டு. சந்தா கட்டவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு பலமுறை நினைவூட்டியிருக்கிறது. பெற்றோர் என்ற உறவால் வந்த உறுப்பியம் அது, ரசீதால் வந்ததல்ல.

கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதை மட்டும் வைத்துச் செலவுத் திட்டம் மாறிவிடாது. தீர்மானம் எழுத்தில் வந்திருந்தால்தான் அது நிகழ்ச்சி நிரலில் ஏறும், குறிப்பேட்டில் நிற்கும், அடுத்த ஆண்டு 'என்ன ஆயிற்று' என்று கேட்க முடியும். பல பள்ளிகளில் கூட்ட அழைப்புக் கடிதத்தோடு தீர்மானங்களுக்கென்று ஒரு படிவம் வரும், கடைசி நாளும் குறிப்பிட்டிருக்கும். வருகையை உறுதிசெய்யும் துண்டைக் கிழித்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பெற்றோர், அந்தப் படிவத்தைக் காலியாகப் புத்தகப்பையிலேயே விட்டுவிடுகிறார்கள்.